கல் வைத்த படங்களைத் தேடி ஆறு நாள்

முதல் நாள், நவம்பர் 9, 2024, சனி. நியூயார்க்

ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்ததும் புகை வாசம். வண்டிப் புகை இல்லை, சருகு எரிகிற வாசம். நியூஜெர்சியில் காட்டுத் தீ, நேற்று சாயங்காலம் புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பூங்காவுக்குள்ளேயே தீப்பிடித்துவிட்டது என்று தான் குடியிருக்கிற எடிசனில் ரயில் ஏற்றிவிடும்போதே அக்கா சொன்னாள். மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். குளிரும் என்று மூன்று ஸ்வெட்டர் கொண்டுவந்தவள் நான், முதல் நாளே ஒன்றைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு சுற்றினேன்.

எதற்கு இந்தச் சுற்று என்று முதலில் சொல்லிவிடுகிறேன். உறையூரில் எனக்கு ஒரு ஆரி வேலைக் கடை. கல்யாணப் பிளவுஸ்தான் பிழைப்பு. குந்தன் கல் ஒட்டுவது, சுற்றி ஜரி இழுப்பது, சர்தோசி, பீட்ஸ் என்று இதிலேயே பதினாறு வருடம் ஓடிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா பெண் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். சோபாவில் ஒரு கறுப்பினப் பெண் சாய்ந்திருக்கிறாள், சோபா முழுக்கப் பூப்போட்ட துணி, சுவரிலும் பூ, அவள் உடுத்தியிருப்பதிலும் பூ, தலைமுடி மட்டும் பொடிப்பொடியாகப் புள்ளி. ‘சித்தி, உங்க வேலை மாதிரியே இல்ல?’ என்று கீழே எழுதியிருந்தாள். விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளி இல்லை, கல். ஒவ்வொன்றும் கல். யார் ஒட்டினார்கள், எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், கூலி என்ன என்று தொழில் புத்தியில்தான் எனக்கு முதல் கேள்விகள் வந்தன.

வரைந்தவர் பெயர் மிக்கலீன் தாமஸ். 1971இல் நியூஜெர்சி மாநிலத்தில் கேம்டன் என்ற ஊரில் பிறந்தவர், புரூக்ளினில் இருந்து வேலை செய்கிறார். மரப்பலகையில் அக்ரிலிக், எனாமல், சிலவற்றில் ஆயில் பெயின்ட், அதன் மேல் ரைன்ஸ்டோன். வரைவதெல்லாம் பெரும்பாலும் கறுப்பினப் பெண்களை. அம்மா, தோழிகள், காதலிகள், அப்புறம் தன்னையே. போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்தக் கல் எனக்குச் செத்த கல்லாகத்தான் தெரிந்தது. கல் வைத்துப் பிழைக்கிறவளுக்கு அது பெரிய உறுத்தல். அக்கா ‘ஒரு தடவை வந்துட்டுப் போயேன்’ என்று வருடக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், பிலடெல்பியாவில் மிக்கலீனின் இருபது வருடப் படங்கள் கண்காட்சி என்று அவள் பெண்ணும் சேர்ந்து சொன்னதும் விசாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

இன்று பார்க்கப் போனது ஒரு ஜன்னலை. மன்ஹாட்டனில் 53ஆம் தெருவில் நவீன கலை அருங்காட்சியகத்தோடு ஒட்டினாற்போல் ஒரு உணவகம் இருக்கிறது. 2010இல் அதன் தெருப்பக்க ஜன்னலுக்கென்று அருங்காட்சியகமே கேட்டு மிக்கலீன் செய்துகொடுத்த படம்தான் அவர் பேரை ஊரெல்லாம் கொண்டுபோனது. பத்தடி உயரம், இருபத்து நான்கு அடி அகலம். பிரெஞ்சு ஓவியர் மானே 1863இல் வரைந்த ஒரு படம் உண்டு, புல்வெளியில் சாப்பாடு, முழுசாக உடுத்திய இரண்டு ஆண்கள், நடுவில் துணியே இல்லாமல் ஒரு பெண். அந்தக் காலத்திலேயே பெரிய ரகளையைக் கிளப்பிய படம். மிக்கலீன் அதே உட்காரும் முறையை எடுத்துக்கொண்டு மூன்று கறுப்பினப் பெண்களை உட்கார வைத்தார். ஆண் யாரும் கிடையாது. மூன்று பேரும் ஜம்மென்று உடுத்திக்கொண்டு நம்மையே பார்க்கிறார்கள். வரைவதற்கு முன்னால் அதே அருங்காட்சியகத் தோட்டத்தில் அவர்களை உட்கார வைத்துப் போட்டோ எடுத்தாராம், பின்னால் பிரெஞ்சுக் கலைஞர் மத்தீஸ் செய்த, பெண்ணின் முதுகைக் காட்டும் வெண்கலச் சிற்பம் நிற்கும்படி.

இதெல்லாம் தெரிந்துகொண்டு போய் நின்றால், ஜன்னல் இருக்கிறது, படம் என்றைக்கோ போய்விட்டது. பதினாலு வருடம் ஆகிவிட்டதே, இருக்காது என்று தெரிந்துதான் போனேன். ஆனாலும் இடுப்பில் ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே சாப்பிடுகிறவர்களை வெறித்துப் பார்க்கிற ஒரு பெண்மணியை யார் என்ன நினைப்பார்கள்? வாசலில் நின்றவர் இரண்டு முறை பார்த்தார். மூன்றாவது முறை பார்ப்பதற்குள் கிளம்பிவிட்டேன்.

அங்கிருந்து புரூக்ளின், பிராட் கல்லூரி. மிக்கலீன் 2000இல் அங்கேதான் பட்டம் வாங்கினார். ஆயில் பெயின்ட் வாங்கக் காசு கட்டுப்படியாகாமல் கைவேலைக் கடையில் மலிவாகக் கிடைக்கிற ஃபெல்ட் துணி, கம்பளி நூல், ஜிகினா, கல் என்று எடுத்து ஒட்டினது அந்தக் காலத்தில்தான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் முதல் பிளவுஸ் போட்டபோது ஜரி வாங்கக் காசில்லாமல் அண்ணன் மகள் பழைய டான்ஸ் டிரெஸ்ஸிலிருந்து கல்லைப் பிரித்து எடுத்து ஒட்டினேன். கல்லூரித் தோட்டத்தில் பெரிய பெரிய சிற்பங்களை வெறுமனே புல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பையன்கள் அதில் சாய்ந்துகொண்டு காபி குடிக்கிறார்கள். நானும் ஒன்றில் சாய்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், நவம்பர் 10, ஞாயிறு. பிலடெல்பியா

எடிசனிலிருந்து டிரென்டன் வரை ஒரு ரயில், அங்கே மாறி பிலடெல்பியாவுக்கு இன்னொரு ரயில். நேராகப் போகிற ரயிலைவிட நேரம் கூட ஆகும், காசு ரொம்பக் குறைவு. அக்கா பெண் இங்கேதான் படிக்கிறாள், அவள் அறையில்தான் தங்கல்.

கண்காட்சி நடக்கிற பார்ன்ஸ் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்லாமல் கண்காட்சியைச் சொன்னால் பாதிதான் புரியும். ஆல்பர்ட் பார்ன்ஸ் ஆர்ஜிரால் என்கிற கிருமிநாசினி மருந்தை விற்றுப் பணக்காரர் ஆனவர். அந்தப் பணத்தில் படமாக வாங்கிக் குவித்தார். பிரெஞ்சு ஓவியர்களில் ரெனுவார் மட்டும் 181, செசான் 69, மத்தீஸ் 59. 1922இல் அறக்கட்டளை தொடங்கி, ஊருக்கு வெளியே மெரியனில் கட்டடம் கட்டி, எந்தச் சுவரில் எந்தப் படம் என்று அவரே அடுக்கினார். 2012இல் நகரத்துக்குள் மாற்றியபோதும் அந்த அடுக்கை அப்படியே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். படத்துக்குப் பக்கத்தில் பேர் எழுதிய அட்டை கிடையாது. படங்களுக்கு நடுவில் பழைய இரும்புக் கீல், பூட்டு, சாவித் தகடு எல்லாம் ஆணியடித்து மாட்டியிருக்கிறார், கொல்லன் பட்டறையும் பூஜை அறையும் கலந்த மாதிரி ஒரு தோற்றம். ஆப்பிரிக்க மரச் சிற்பங்களை அருங்காட்சியகங்கள் வெறும் பழங்குடிப் பொருளாக வைத்திருந்த காலத்தில் அவற்றைக் கலையென்று வாங்கியவர்களில் அவரும் ஒருவர். தன் தொழிற்சாலையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களையும் உட்கார வைத்துப் படம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர். தனக்குப் பின் நிர்வாகத்தில் ஆள் போடும் உரிமையைக் கறுப்பின மாணவர்களுக்காக ஏற்பட்ட லிங்கன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார்.

முதலில் பழைய அறைகளைச் சுற்றினேன், அதுதான் நல்லதாகவும் போயிற்று. ரெனுவார் பெண்கள் எல்லாச் சுவரிலும் இருக்கிறார்கள். குளித்துவிட்டு வந்தவர்கள், குளிக்கப் போகிறவர்கள், ரோஜா நிறத்தில் வெண்ணெய் மாதிரி. பத்து அறை தாண்டினதும் எனக்குத் திகட்டிவிட்டது. யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, தலையைத் தாழ்த்தி எதையோ துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம் தற்காலிகக் கண்காட்சி அறைக்குள் போனேன்.

என்ன சொல்வது, வாசலில் நிற்கும்போதே எதிர்ச்சுவர் அசைந்தது. நிஜமாகவே அசைகிற மாதிரி. நான் நின்றால் அதுவும் நிற்கிறது, ஒரு அடி வைத்தால் படத்தில் அந்தப் பெண்ணின் முடி முழுக்க ஒரு வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. போனில் செத்துக் கிடந்த கல் இதுதான். ஒரே இடத்தில் நின்று எடுத்த போட்டோவில் அது வரவே வராது, ஏனென்றால் அந்தக் கல்லின் வேலை, பார்க்கிறவர் நடந்தால்தான் நடக்கும். பிளவுஸ் விஷயத்தில் எங்களுக்கு இது தெரியும், மேஜையில் விரித்துக் காட்டினால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது, போட்டுக்கொண்டு திரும்பச் சொல்லணும். இங்கே பிளவுஸ் அப்படியே இருக்கிறது, நான்தான் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தேன். காவலர் அம்மாள் ஒருவர் வந்து, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். மூக்கு படாத குறையாக நின்றிருக்கிறேன்.

வேலையைச் சொல்கிறேன். உதட்டில் சிவப்புக் கல்லை வரிசை பிசகாமல் நிரப்பியிருக்கிறார்கள், கண் இமையில் நீலம், நகத்திலும் உண்டு. உடம்பின் ஓரக்கோட்டில் சின்னக் கல், அதைவிடச் சின்னக் கல்லால் துணியின் பூவுக்கு ஓரம். தலைமுடிக்குக் கறுப்புக் கல். இதுதான் என்னை நிறுத்திய இடம். கறுப்புத் துணியில் கறுப்புக் கல் வைக்காதீங்க, தெரியாது, காசுக்குக் கேடு என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! இங்கே ஒரு பெண்ணின் ஆப்ரோ முடி முழுவதும், அதுவும் இரண்டு கை அகலத்துக்குப் பரந்த முடி, கறுப்பு மேல் கறுப்பு. நேரே நின்றால் இருட்டு. நகர்ந்தால் கரி உள்ளே கனிகிற மாதிரி ஒன்று தெரிகிறது.

படம் உருவாகிற முறையும் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் ஸ்டுடியோவில் ஒரு கூடத்தையே போடுகிறார். மரத் தகடு அடித்த சுவர், பழைய சோபா, விதவிதமான பூத்துணி, 1970களில் அவர் வளர்ந்த வீடுகளின் கூடம் மாதிரி. பாட்டி சோபா கிழிந்தால் கையில் கிடைத்த துணியை வைத்து ஒட்டுப்போடுவார், அந்த ஒட்டுத்தான் தன் கண்ணில் தங்கிவிட்டது என்கிறார். அந்தக் கூடத்தில் பெண்ணை உட்கார வைத்துப் போட்டோ. போட்டோவைக் கத்தரித்து, மாற்றி ஒட்டி ஒரு சின்ன மாதிரி. அதைப் பெரிதாக்கித்தான் பலகையில் பெயின்ட், கடைசியில் கல். வெட்டு விழுந்த இடத்தை மறைப்பதே இல்லை. சோபாத் துணியின் பூ ஒரு இடத்தில் டக்கென்று நின்று வேறு பூ ஆரம்பிக்கிறது, சில முகங்களில் கண் மட்டும் வேறொரு துண்டாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கடையில் பார்டர் சேராமல் வெட்டினால் கட்டிங் மாஸ்டருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே அந்தச் சேராமைதான் படத்தைப் பிடித்து நிறுத்துகிறது. ஒரே துணியில் ஒரே நூலில் பிறந்த மனுஷி யாரும் இல்லையே.

நிறத்தைப் பற்றி ஒன்று. ‘நான் கறுப்புக்கா, எனக்கு மஞ்சள் எடுக்காது’, ‘ஆரஞ்சு வேண்டாம், முகம் இன்னும் இருட்டாத் தெரியும்’, வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் சொல்வார்கள். கல்யாணப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் பெரியம்மா சொல்லிவிடுவார். நானும் தலையாட்டி மெரூன் எடுத்துப் போடுவேன், இத்தனைக்கும் நானே நல்ல கறுப்பு. இந்த அறையில் ஆழமான பழுப்பு உடம்புகள் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிறுத்தைப்புலிப் புள்ளியிலும் சாய்ந்துகொண்டு, உனக்கு என்ன வேணும் என்கிற மாதிரி நேராகப் பார்க்கின்றன. தோலை ஒரே பழுப்பாகவும் பூசவில்லை, காப்பித்தூள், வெல்லம், புளி என்று திட்டுத் திட்டாக நாலைந்து பழுப்பு. எடுக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா படத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். சாண்ட்ரா புஷ், நல்ல உயரம், 1970களில் மாடலாக இருந்தவர். மிக்கலீன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது போட்டோ வகுப்பில் ஆசிரியர், உங்களுக்குச் சங்கடம் தருகிற ஒன்றைப் படமெடுத்து வாருங்கள் என்றாராம். மிக்கலீன் அம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் பேசாமல் விட்டது நிறைய இருந்தது, அம்மா போதைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர். கேமராவுக்கு முன்னால் அம்மா பழைய மாடலாக மாறி, எப்படி உட்காரணும், தாடை எந்தப் பக்கம் என்று மகளுக்கே சொல்லிக்கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது, அப்படி ஒரு தோரணை. பத்து வருடத்துக்கு மேல் அம்மாவையே திரும்பத் திரும்ப வரைந்தார். 2012இல் அம்மாவைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படமும் எடுத்தார், அதே வருடம் அம்மா இறந்துபோனார். எங்கள் ஊரில் கல் வைத்துப் படம் பண்ணினால் அது கிருஷ்ணருக்கு, இல்லை லட்சுமிக்கு. கல்லின் மரியாதை சாமிக்கும் கல்யாணப் பெண்ணுக்கும்தான். ஐம்பது அறுபது வயதுப் பெண்மணிக்கு, அதுவும் வாழ்க்கையில் தடுக்கி விழுந்து எழுந்த ஒருத்திக்கு, கண்ணுக்கும் உதட்டுக்கும் கல் வைத்துப் பலகையில் ஏற்றியதை இன்றுதான் பார்த்தேன்.

எல்லாமே பிடித்தது என்று சொன்னால் பொய். சில பெரிய படங்களில் கல் அச்சுப் பிசகாமல் இருக்கிறது, கடையில் ஷீட்டாக வாங்கி அயர்ன் வைத்து ஒட்டுகிற ஹாட்பிக்ஸ் மாதிரி. கை தெரியவில்லை. சின்னப் படங்களிலும் ஆரம்ப காலப் படங்களிலும் பசை கொஞ்சம் பிதுங்கி நிற்கிற மாதிரி இருக்கிற இடங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கண்காட்சித் தலைப்பு கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்தது, ‘எல்லாம் அன்பைப் பற்றி’ என்று தமிழில் சொல்லலாம். மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது, இங்கே ஜனவரி 12 வரை, பிறகு லண்டன்.

ராத்திரி தூறல். நாற்பது நாளுக்கு மேல் காய்ந்து கிடந்த ஊராம், தெருவில் இரண்டு பேர் குடை இல்லாமல் வேண்டுமென்றே நனைந்துகொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள், நவம்பர் 11, திங்கள். கேம்டன்

‘சித்தி, கேம்டனுக்கெல்லாம் யாரும் சும்மா சுத்திப் பார்க்கப் போக மாட்டாங்க’ என்றாள் அக்கா பெண். ஆற்றுக்கு அந்தக் கரை, அவ்வளவுதான். டெலவேர் ஆற்றின் மேல் நீலப் பெயின்ட் அடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் பாலம், 1926இல் திறந்தது, நடந்தே போகலாம். போனோம். கார்களுக்கு மேலே உயரத்தில் நடைபாதை, பக்கத்திலேயே ரயில் தடதடவென்று போகும்போது பாலம் அதிர்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், காற்றுக்குத்தான் என்று சொன்னேன்.

கேம்டன் ஒரு காலத்தில் வேலைகளால் நிறைந்த ஊர். கேம்ப்பெல் சூப் கம்பெனி 1869இல் அங்கே பிறந்தது, கப்பல் கட்டும் தளம் இருந்தது, விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி 1901இல் தொடங்கியது. பழைய விக்டர் கட்டடம் இப்போது குடியிருப்பு, ஆனால் கோபுரத்தில் கண்ணாடியில் செய்த நாய் இன்னும் இருக்கிறது. கிராமபோன் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்கிற அதே நாய்! தாத்தா வீட்டு இசைத்தட்டில் ‘நாய் மார்க்’ என்று நாங்கள் கூப்பிட்ட நாய். கடல் தாண்டி வந்து சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி கையைக் காட்டிக் கத்திவிட்டேன், பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் சிரித்தார்.

தொழிற்சாலைகள் போனதும் ஊர் படுத்துவிட்டது. வறுமைக்கும் குற்றத்துக்கும் நாடு முழுக்கப் பேர் வாங்கி, 2013இல் நகரக் காவல்துறையையே கலைத்துவிட்டு மாவட்டத்தின் பேரில் புதிதாக ஆரம்பித்தார்கள். நாங்கள் நடந்த தெருக்களில் செங்கல் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுநடுவே ஒரு வீடு இல்லாமல் பல் விழுந்த மாதிரி புல் முளைத்த இடம். ஒரு வாசலில் நவம்பர் மாதத்திலும் பிளாஸ்டிக் பூத்தொட்டி, இன்னொரு வாசலில் பூப்போட்ட மெத்தை போட்ட நாற்காலியைக் காற்றாட வைத்திருந்தார்கள். மிக்கலீன் வீடு எது என்று நான் தேடவில்லை. சின்ன வயதிலேயே ஹில்சைட், ஈஸ்ட் ஆரஞ்ச் என்று வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள், இங்கே இருந்தது கொஞ்ச காலம்தான். அந்த நாற்காலியை மட்டும் போட்டோ எடுக்க ஆசை. ஜன்னல் திரை அசைந்தது, எடுக்கவில்லை.

கவிஞர் வால்ட் விட்மன் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1892இல் இறந்த வீடும் இங்கேதான். சாம்பல் நிறத்தில் ஒடுக்கமான மரவீடு. எதிரே பெரிய சிறைச்சாலை. வெளியே நின்று பார்த்துவிட்டு, கால் வலியால் திரும்பும்போது பாலத்தில் நடக்காமல் ரயிலில் ஏறிவிட்டோம்.

ரயிலில் அவள் கேட்டாள், ‘அவங்க எப்ப சித்தி வரைய ஆரம்பிச்சாங்க?’ படிப்புக்கு வக்கீல் வேலை, நாடகம் என்று எதையோ பிடித்துக்கொண்டு மிக்கலீன் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டில் இருந்தபோது, 1994இல் அங்கே அருங்காட்சியகத்தில் கேரி மே வீம்ஸ் என்கிற கறுப்பினப் பெண் கலைஞரின் போட்டோ வரிசையைப் பார்த்தாராம். ஒரே சமையலறை மேஜை, மேலே ஒரே விளக்கு, வீம்ஸே உட்கார்ந்து நடித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், 1990இல் செய்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஓவியம் படிக்கக் கிழக்கே வந்தார். இதைச் சொன்னதும் கணக்குப் படிக்கிற பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சொல்லாமலே விளங்கியது. அக்காவிடம் நான் பேசிப்பார்க்கணும், பார்க்கலாம்.

நான்காம் நாள், நவம்பர் 12, செவ்வாய். வாஷிங்டன்

மூன்று மணி நேரம் பஸ். ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது, கழிவறைக் கதவு வழி முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தேசிய உருவப்பட அருங்காட்சியகம், பழைய காப்புரிமை அலுவலகக் கட்டடம், உள்ளே போகக் காசு கிடையாது. ஒபாமா படத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை. கெஹிண்டே வைலி வரைந்தது, 2018இல் திறந்தார்கள். நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், பின்னால் முழுக்கப் பச்சை இலை, இலை காலையும் சுற்றுகிறது. பூக்களுக்குக் கணக்கு உண்டு. சிகாகோவுக்குச் சாமந்தி, அப்பாவின் கென்யாவுக்கு நீல ஆப்பிரிக்க லில்லி, பிறந்த ஹவாய்க்கு மல்லிகை. மல்லிகை என்று கேட்டதும் கிட்டப் போய்த் தேடினேன். இருக்கிறது, வெள்ளையாக. கட்டினால் அரை முழம் தேறும்.

மிச்செல் ஒபாமா படம்தான் நான் பார்க்க நினைத்தது. ஆமி ஷெரால்ட் வரைந்தது. அவர் கறுப்பினத் தோலைச் சாம்பல் நிறத்தில்தான் வரைவார், உடுப்பில் மட்டும் கலர் கொட்டும். மிக்கலீனுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஆனால் இரண்டு பேரும் பிடித்திருப்பது ஒரே கேள்வியை என்று நினைத்துக்கொண்டு போனால், ஷெரால்ட்டின் பெரிய கண்காட்சி இந்த வாரம் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்குகிறது, படம் அங்கே போய்விட்டது. நான் போகிற ஊரிலிருந்தெல்லாம் படங்கள் கிளம்பிவிடுகின்றன.

மிச்செல் ஒபாமாவை இந்த அருங்காட்சியகத்துக்குள் முதலில் கொண்டுவந்ததே மிக்கலீன்தான், இது பலருக்குத் தெரியாது. 2008இல் செய்த ஸ்கிரீன் பிரிண்ட். காகித வேலை, எந்நேரமும் வெளிச்சத்தில் வைக்க மாட்டார்கள், அதுவும் இன்று சுவரில் இல்லை.

ஐந்தாம் நாள், நவம்பர் 13, புதன். பால்டிமோர்

வாஷிங்டனிலிருந்து ஒரு மணி நேர ரயில். இங்கே கலை அருங்காட்சியகத்தின் முன்கூடத்தை 2019இல் மிக்கலீன் ஒரு வீட்டுக் கூடமாகவே மாற்றினார். சுவரில் பூக்காகிதம், தரையில் விரிப்பு, பூத்துணி சோபாக்கள், வெளிப்பக்கத்தை பால்டிமோர் வரிசை வீடு மாதிரி அலங்கரித்து, வருகிறவர்கள் உட்கார்ந்து பேசலாம், தூங்கக்கூடச் செய்யலாம். அருங்காட்சியகத்தில் தொடாதே, தள்ளி நில் என்று கேட்டே பழகினவர்களுக்கு, வா, உட்கார். நான் போனபோது அது இருந்த சுவடே இல்லை, சுத்தமான வெள்ளைச் சுவர். அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். சோபா எங்கே இருந்தது, எங்கே விளக்கு என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். பக்கத்துத் தெருப் பையன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுவார்களாம்.

இதே இடம்தான் 2018இல் தன்னிடம் இருந்த வார்ஹோல் போன்ற வெள்ளை ஆண் ஓவியர்களின் ஏழு படங்களை விற்க எடுத்து, அந்தக் காசில் பெண்களின், கறுப்பினக் கலைஞர்களின் படங்களை வாங்க முடிவெடுத்தது. அப்போது பெரிய சண்டை. பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் வாழும் ஊர் இது, அவர்கள் முகம் சுவரில் இல்லாவிட்டால் எப்படி? எனக்கு அந்தச் சண்டை புரியவே இல்லை. நகையை விற்று நிலம் வாங்குவது நம் வீடுகளில் நடக்காததா.

இங்கே கோன் சகோதரிகள், கிளாரிபெல், எட்டா இருவரும் வாங்கிச் சேர்த்த மத்தீஸ் படங்கள் ஏராளம். 1935இல் வரைந்த இளஞ்சிவப்பு நிறப் பெண் படம் ஒன்று, கட்டம் போட்ட நீல விரிப்பில் படுத்திருக்கிறாள். வரையும்போது மத்தீஸ் வெட்டிய காகிதத் துண்டுகளைக் கேன்வாஸில் குத்தி வைத்து, கையை நகர்த்தி, காலை நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்திருக்கிறார். அப்படி 22 போட்டோ எட்டாவுக்கு அனுப்பினார். வெட்டு, ஒட்டு, போட்டோ, அப்புறம் பெயின்ட். மிக்கலீன் யாரிடம் கடன் வாங்கினார், வாங்கிய கடனை எப்படி வட்டியோடு திருப்பினார் என்று அந்தப் படத்தின் முன்னால் நின்றபோது பிடிபட்டது. மத்தீஸின் பெண் படுத்திருக்கிறாள், விரிப்பின் கட்டத்தோடு கட்டமாக. மிக்கலீன் அம்மா கூடத்துக்குச் சொந்தக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆறாம் நாள், நவம்பர் 14, வியாழன். எடிசன்

ரயிலில் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் அக்கா தோசை ஊற்றிக்கொண்டே ‘காமி பாப்போம், அஞ்சு நாள் அலைஞ்சு என்னத்தப் பாத்த’ என்றாள். போனை நீட்டினேன். பார்ன்ஸில் எடுத்தது முப்பத்தேழு படம்.

‘நல்லாத்தான் இருக்கு. முடியில என்ன, சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி?’

‘கல்லுக்கா.’

‘கல்லா இது?’

அவளுக்கென்று நான் ஊரிலிருந்து போட்டுக்கொண்டுவந்த பிளவுஸ் பெட்டியில் இருந்தது. எடுத்து வந்து சமையலறை விளக்குக்குக் கீழே கையில் மாட்டிப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினேன். மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த துணி இல்லை, மெரூன்தான், அவளுக்கும் என் நிறம். கல் ஓடியது.

‘இந்த மாதிரியா?’

‘இந்த மாதிரிதான். ஆனா உன் தலைமுடி வரைக்கும். எட்டடிக்கு. நீ அந்தச் சோபாவுல அசையாம உக்காந்து என்னைப் பாக்கணும்.’

‘போடி, தோசை கருகுது’ என்றாள். ஆனாலும் அடுப்பைக் குறைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மஞ்சள்ல போட்டா எனக்கு எடுக்குமா என்று கேட்டாள்.